மீனம்பாக்கத்தில் 14 மணி நேரம்

வியாழன் இரவு, தூத்துக்குடி

நாளைக் காலையில் கிளம்புகிறேன். சிங்கப்பூரில் மகள் வீட்டுக்கு. ஏற்கெனவே இரண்டு தடவை போயிருக்கிறேன், இரண்டு தடவையும் வீட்டுக்காரர் கூட வந்தார். இந்த முறை அவருக்கு மூட்டுவலி. 60 வயதில் முதல்முறையாகத் தனியாக விமானம் ஏறுகிறேன்.

வாகைக்குளத்தில் காலை விமானம். சென்னைக்குப் பத்து மணி வாக்கில் போய்ச் சேரும். சிங்கப்பூர் விமானம் நள்ளிரவில்தான். மாலை விமானத்தில் போனால் என்ன என்று எல்லோரும் கேட்டாயிற்று. அதில் போனால் நடுவில் இரண்டரை மணி நேரம்தான் இருக்கும், அது கொஞ்சம் தாமதமானாலும் சிங்கப்பூர் விமானம் போய்விடும் என்று மகள் காலை விமானத்தையே போட்டுவிட்டாள். ஆக, சென்னையில் 14 மணி நேரம்.

"மதினி, ஒரு நாற்காலியப் பிடிச்சு உக்காந்துக்கோங்க. எங்கயும் எந்திரிச்சுப் போயிராதீங்க" என்று தம்பி மனைவி இப்போதுதான் போனில் சொன்னாள். அவள் சொல்வது அக்கறையில்தான். ஆனால் நான் அப்படி உட்காரப் போவதில்லை.

31 வருஷம் சமூக அறிவியல் நடத்தினேன். போன மே மாதம்தான் ஓய்வு பெற்றேன். ஒவ்வொரு வருஷமும் பழைய கற்காலம் வரும்போது கரும்பலகையில் எழுதுவேன்: 1863, பல்லாவரம், இராபர்ட் புரூஸ் பூட். இந்தியாவில் முதல் பழைய கற்காலக் கருவியை அவர் கண்டெடுத்த ஊர் அது. பிள்ளைகளும் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையிலும் வரும். அந்தப் பல்லாவரம் விமான நிலையத்திலிருந்து ஒரே ஒரு ஸ்டேஷன். இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அங்கே இறங்கியதில்லை.

பூட் சேகரித்த கற்கருவிகளை 1904-இல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. எழும்பூர் போய் அதையும் பார்த்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சரி, பல்லாவரத்தில் அதே வெள்ளிக்கிழமைதான் சந்தை.

வெள்ளி, சென்னை

(பன்னாட்டு முனையத்துக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி இரவு 7.50.)

என்னைப் போலத் தனியாகக் கிளம்புகிறவர்களுக்கு முதலில் ஒரு விஷயம். தூத்துக்குடியிலிருந்து சிங்கப்பூர் வரை ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தோம். அதனால் பெரிய பெட்டியை வாகைக்குளத்திலேயே வாங்கிக்கொண்டார்கள், இனி சிங்கப்பூரில்தான் கைக்கு வரும். பெட்டியில் கட்டும் சீட்டில் கடைசி ஊரின் குறி இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துக்கொண்டேன். சிங்கப்பூருக்கு 'எஸ்.ஐ.என்.' இரண்டு டிக்கெட்டாகத் தனித்தனியே எடுத்தால் சென்னையில் பெட்டியை இறக்கி, பகல் முழுக்க இழுத்துக்கொண்டு அலையவேண்டி வரும். என்னிடம் இருந்தது ஒரு தோள்பை மட்டும். பாஸ்போர்ட், விசா பிரிண்ட், பிரஷர் மாத்திரை, தண்ணீர் பாட்டில், போன், பவர் பேங்க். பவர் பேங்கைப் பெட்டியில் போடக்கூடாது, கையில்தான் வைத்திருக்கவேண்டும்.

சின்ன வயதில் வானொலிச் செய்தியின் கடைசியில் வெயில் அளவு சொல்லும்போது 'சென்னை மீனம்பாக்கம்' என்று ஒரு பெயர் வரும். எங்கள் ஊரில் அந்தப் பெயர் தெரியாத ஆள் கிடையாது, அது எப்படி இருக்கும் என்று தெரிந்த ஆளும் கிடையாது. இன்று காலை பத்தே கால் மணிக்கு அந்த வெயிலில் நின்றேன். மாசி பிறந்துவிட்டது, வெயில் இன்னும் ஏறவில்லை.

ஜி.எஸ்.டி. சாலைக்கு எதிர்ப்புறம் திரிசூலம் ஸ்டேஷன். பல்லாவரத்துக்கு 5 ரூபாய் டிக்கெட். வண்டியில் உட்காரக்கூட இல்லை, அதற்குள் ஊர் வந்துவிட்டது.

சந்தை பழைய டிரங்க் ரோட்டில் நடக்கிறது. ரோட்டின் இரண்டு பக்கமும் தார்ப்பாய் விரித்து, உலகத்தில் எதையெல்லாம் மனுஷன் ஒருதடவை உபயோகித்துவிட்டுக் கீழே வைத்தானோ அதையெல்லாம் பரப்பியிருக்கிறார்கள். பழைய மிக்ஸி ஜாடிகள், மூடி மட்டும் ஒரு குவியல். கதவுத் தாழ்ப்பாள், ஸ்க்ரூ, டிவி ரிமோட். ஒரு பக்கம் ரோஜாக் கன்று, கறிவேப்பிலைக் கன்று. இன்னொரு பக்கம் கூண்டில் புறா. கருவாடும் இருந்தது. நெத்திலியை எடுத்து முகர்ந்து பார்த்தேன். எங்கள் ஊர்க் காய்ச்சல் வேறு, அதைச் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

பித்தளைச் சாமான் பரப்பியிருந்த ஒரு பையனிடம் பூதக்கண்ணாடி ஒன்று கிடைத்தது. பித்தளை வளையம், மரக் கைப்பிடி, கைப்பிடியில் ஒரு சின்ன விரிசல். "அக்கா, 200 குடுங்க" என்றான். கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், ரேகை எல்லாம் வாய்க்கால் மாதிரி தெரிந்தது. 120-க்கு முடித்தோம். பேத்திக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன், முதலில் உபயோகித்தது நான்.

சந்தையிலிருந்து விலகி கன்டோன்மென்ட் பக்கம் நடந்தேன். பூட் அந்தக் கற்கருவியை எடுத்த இடத்தை 'பிரிகேட் மைதானம்' பக்கம் என்று புத்தகங்கள் சொல்கின்றன. 1863 மே 30. அப்போது அவருக்கு 28 வயது, இந்திய நிலவியல் துறையில் சேர்ந்து நாலரை வருஷம் ஆகியிருந்தது. சரளை எடுக்கத் தோண்டிய பள்ளம் ஒன்றில், செம்புரை என்கிற இரும்பு கலந்த சிவப்புக் கல்லின் சரளைக்குள் கிடந்தது அது. அதற்கு முன்னால் எத்தனையோ பேர் அந்தப் பள்ளத்தைத் தாண்டிப் போயிருப்பார்கள். பிரான்சிலும் இங்கிலாந்திலும் இதேபோல் செதுக்கிய கற்கள் கிடைத்ததைப் பூட் படித்திருந்தார், அதனால்தான் அவர் கண் நின்றது. அதே வருஷம் செப்டம்பரில் கொசஸ்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறையக் கிடைத்தது. அந்த அத்திரம்பாக்கத்துக் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழையவை என்று 2011-இல் ஆய்வு வெளியானது. இந்தியாவில் மனிதன் எவ்வளவு பழையவன் என்ற கேள்வியே பல்லாவரத்தில் கிடைத்த ஒரு கல்லிலிருந்து தொடங்கியது.

நான் நடந்த வரையில் அதைச் சொல்லும் ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை. நாலு பேரிடம் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. மனசு கஷ்டமாக இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து நின்று பார்க்க ஒரு கல்லாவது நட்டிருக்கலாம். எங்கள் பக்கம் ஆதிச்சநல்லூரில் இப்போது அகழாய்வுக் குழிகளைக் கண்ணாடி போட்டு மேலே நின்று பார்க்க வைத்திருக்கிறார்கள், என் கடைசி ஒன்பதாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு போனேன். முதுமக்கள் தாழியைப் பார்த்து ஒரு நிமிஷம் வகுப்பே வாய் மூடி நின்றது. அந்த ஒரு நிமிஷத்தை நான் பலகையில் எழுதி வரவழைக்க முடியாது.

திரும்பலாம் என்று வரும்போதுதான் அந்தப் பள்ளம். குழாய் பதிக்கத் தோண்டியிருக்கிறார்கள். இடுப்பளவு ஆழம், வெளியே குவியலாக மண். மேலே கறுப்பு, நடுவில் சாம்பல் நிறம், அடியில் சிவப்பு.

உட்கார்ந்துவிட்டேன். ஒரு கட்டியை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மிளகு மிளகாக இரும்புக்கல், அதைச் சுற்றி மஞ்சள் களிமண், நடுநடுவே புழு துளைத்த மாதிரி ஓட்டைகள். செம்புரை. நகத்தால் சுரண்டினால் துரு போல உதிர்ந்தது.

"இன்னாம்மா தொலைச்சீங்க? கம்மலா?" பள்ளத்துக்குள்ளிருந்து ஒருவர் கேட்டார். விழுப்புரம் பக்கத்துக்காரர், 40 வயது இருக்கும். தொலைக்கவில்லை, இந்த மண்ணில் ஒருகாலத்தில் ஒரு கல் கிடைத்தது என்று ஆரம்பித்தேன். முழுதாகச் சொல்லவேண்டி வந்தது. அவர் கடப்பாரையை நிறுத்திவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு அவர் கேட்ட கேள்விதான் இன்றைக்கு எனக்குப் பெரிது: "கல்லுல அது ஆளு செஞ்சதுன்னு எப்பிடிம்மா தெரியும்?"

இதே கேள்வியைப் பல வருஷத்துக்கு முன்னால் ஆறாம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான். "வடிவத்தைப் பார்த்துச் சொல்வார்கள்" என்று சொல்லி அடுத்த பாராவுக்குப் போய்விட்டேன். எனக்கே அப்போது சரியாகத் தெரியாது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், அதற்குள் அந்தப் பையன் வேறு பள்ளிக்குப் போய்விட்டான்.

அதனால் இவருக்குப் பொறுமையாகச் சொன்னேன். கல்லை ஓங்கித் தட்டினால் சில்லு பெயரும். பெயர்ந்த இடம் முத்துச்சிப்பியின் உள்பக்கம் மாதிரி குழிந்து, அலை அலையாக வரி விட்டிருக்கும். ஆற்றில் உருண்ட கல்லில் எங்காவது ஒன்றிரண்டு இருக்கலாம். ஆனால் ஒரே கல்லில், இரண்டு பக்கமும், வரிசையாக, ஒரு கூர்மையை நோக்கி அந்தக் குழிகள் வந்தால் அது கை வேலை. முனை ஒருபக்கம் கூராக, பிடிக்கிற பக்கம் உருண்டையாக இருந்தால் கைக்கோடாரி.

அவர் குனிந்து குவியலைக் கிளற ஆரம்பித்தார். "இதுவா பாருங்க" என்று ஒன்று. பார்த்தேன், ஜல்லி. "இது?" வெள்ளைக் கல், ஒரு பக்கம் உடைந்திருந்தது, ஆனால் அது இன்றைக்கு அவர் கடப்பாரை பட்டு உடைந்தது. அவருக்கே தெரிந்தது, "இது நானு" என்று சொல்லிப் போட்டுவிட்டார். கால் மணி நேரம் இப்படி இரண்டு பேரும் தேடினோம். கிடைக்கவில்லை. மேஸ்திரி வந்ததும் அவர் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டார். நான் கிளம்பும்போது, "எதுனா கெடச்சா எடுத்து வெக்கிறேம்மா" என்றார்.

ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஓட்டலில் சாப்பாடு. தனியாக அலையும் பெண்களுக்குச் சொல்கிறேன், சந்தைக்குள் கழிப்பறைக்கு வழியில்லை, சாப்பிடுகிற ஓட்டலில் போய்க்கொள்வதுதான் சுலபம். வெயில் தாழும் வரை அங்கேயே உட்கார்ந்து மோர் குடித்தேன்.

மூன்றரை மணிக்குத் திரும்ப மின்சார ரயில். திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல் தாண்டிப் பரங்கிமலை. ஆட்டோ பிடித்து மலையடிவாரம். 300 அடி உயரம்தான். 18ஆம் நூற்றாண்டில் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர் போட்டுக் கொடுத்த படிகள், அகலமானவை, என் முழங்காலுக்கே சிரமமில்லை. மேலே மாதா கோவிலில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தேன். போர்த்துகீசியர் காலத்துக் கோவில். அங்கேயுள்ள கல் சிலுவையைச் சுற்றிப் பஹ்லவி எழுத்தில் ஒரு வரி ஓடுகிறது, பழைய பாரசீகத்தின் எழுத்து. கடல் வழியாக யார் யாரெல்லாம் இந்தக் கரைக்கு வந்தார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

நான் அங்கே ஏறியது இந்தியாவை அளக்கத் தொடங்கிய லாம்டனுக்காகவும்தான். வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று இந்த மலையடியிலிருந்து பெரும்பாக்கம் வரை சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தை அளக்க ஆரம்பித்தார். 100 அடி நீள எஃகுச் சங்கிலியை 400 தடவை நீட்டி நீட்டி, 57 நாள். கத்திரி வெயிலில்! வெயிலில் இரும்பு நீளும் என்பதால் சங்கிலியைப் பெட்டிகளுக்குள் கிடத்தி, நிழல் போட்டு, தெர்மாமீட்டர் வைத்து அளந்தார்கள். அந்த ஒரு கோட்டின் மேல் முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டே போய்த்தான் கடைசியில் எவரெஸ்டின் உயரம்வரை கணக்கிட்டார்கள். மலைமேல் லாம்டனுக்கு மார்பளவுச் சிலை இருக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தேன், பூட்டுக்கும் இப்படி ஒன்று இருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

மேற்குப் பக்கச் சுவரோரம் நின்றால் ஓடுபாதை முழுக்கத் தெரிகிறது. விமானம் ஒவ்வொன்றாக இறங்குகிறது, சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் ஒரு சின்னப் புகை. பக்கத்தில் பள்ளிச் சீருடையில் மூன்று பெண் பிள்ளைகள் எந்த விமானம் எந்த ஊருக்கு என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்றிரவு நான் ஏறப்போவது அந்த ஓடுபாதையில்தான் என்று சொன்னதும், "ஆன்ட்டி, இங்க திரும்பி டாட்டா காட்டுங்க" என்றாள் ஒருத்தி.

ஆறே கால் வாக்கில் சூரியன் இறங்கியது. இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன். அதேபடி இறங்கி, ரயிலேறி, ஏழரைக்கு இங்கே. கவுண்டர் திறக்க இன்னும் நேரமிருக்கிறது.

சனி, சிங்கப்பூர்

இரவு நடந்ததைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், தூக்கம் சொக்குகிறது.

புதுப் பன்னாட்டு முனையம் 2023 ஏப்ரலில் திறந்தது. கோலமும் கோவிலும் பரதமுமாக நம் ஊர் அடையாளங்களை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் பார்க்கவேண்டியது வாசலுக்கு வெளியேதான். ஒரு ஆளை வழியனுப்பப் பத்துப் பேர். வேன் பிடித்து வந்திருக்கிறார்கள். ஒரு அம்மா டிபன் டப்பாவைக் கடைசி நிமிஷம்வரை மகன் கையில் கொடுக்கவில்லை. அப்புறம் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் காட்டி அவன் உள்ளே போனதும் கண்ணாடிக்கு வெளியே எல்லோரும் ஒரே திசையில் நகர்ந்துகொண்டே வந்தார்கள், அவன் கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்றது அவன்தான். மன்னார்குடிப் பக்கம். கப்பல் பட்டறை வேலைக்கு முதல்முறையாகப் போகிறான். கவுண்டரில் சிங்கப்பூர் வருகை அட்டை நிரப்பியாயிற்றா என்று கேட்டதும் முழித்தான். அது இப்போது தாளில் இல்லை, இணையத்தில்தான். போய்ச் சேரும் நாளுக்கு மூன்று நாளுக்குள் நிரப்பவேண்டும், பணம் எதுவும் கிடையாது. பணம் கேட்கும் தளங்கள் எல்லாம் இடைத்தரகர்கள். இரண்டு பேரும் ஓரமாகப் போய் உட்கார்ந்து அவன் போனில் நிரப்பினோம். பாஸ்போர்ட் எண்ணை ஒவ்வொரு எழுத்தாக நான் சொல்ல, அவன் தட்டினான். முடித்ததும் "தேங்ஸ் டீச்சர்" என்றான். நான் டீச்சர் என்று அவனிடம் சொல்லவே இல்லை.

பாதுகாப்புச் சோதனையில் என் பையை நிறுத்திவிட்டார்கள். பூதக்கண்ணாடி. அங்கிருந்த பெண் காவலர் அதை வெளியே எடுத்து, திருப்பிப் பார்த்து, தன் விரலில் மோதிரத்துக்கு நேராக ஒரு விநாடி பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நாகர்கோவிலாம். "எதுக்கு அம்மா?" என்றார். கல் பார்க்க என்றேன்.

நாலு மணி நேரப் பயணம், நம் நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால் ஓடும் ஊர். ஜன்னல் சீட்டு கேட்டு வாங்கியிருந்தேன். மேலே ஏறும்போது பரங்கிமலை எந்தப் பக்கம் என்று தேடினேன், கீழே எல்லாம் ஒரே விளக்கு. இருந்தாலும் கையைக் காட்டினேன்.

பெட்டி ஒழுங்காக வந்து சேர்ந்தது. வீட்டுக்கு வந்ததும் பேத்தி பூதக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் பார்த்து முடித்து, கடைசியாக என் கையைப் பிடித்தாள். "ஆச்சி, நகத்துக்குள்ள செவப்பா என்ன?" குளிப்பதற்கு முன்னால் அதை அவளுக்கு நன்றாகக் காட்டினேன். மிளகு மாதிரி ஒரு துணுக்கு இருந்தது. அதை ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள்.

திரும்பும் டிக்கெட்டை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை, சென்னையில் எட்டு மணி நேரம். திரிசூலத்திலிருந்து எழும்பூருக்கு வண்டி மாறாமல் போகலாம், அருங்காட்சியகம் காலை ஒன்பதரைக்குத் திறக்கும்.